ஒரு சுற்று என்றால் ஆமாம்

பன்னிரண்டு மணி பஸ் போய் முக்கால் மணி ஆகியிருந்தது.

தேசிகன் தன் மருந்துக்கடையின் பின்னறையில் பித்தளை தேய்த்துக்கொண்டிருந்தான். பழைய டெலிபோன் ஒன்றின் டிரான்ஸ்மிட்டர் அது. பேசுபவர் வாயை வைக்கும் பகுதி. உள்ளங்கை அகலம், நடுவில் சல்லடைத் துளைகள். பீங்கான் கிண்ணத்தில் ஆக்ஸாலிக் ஆசிட்டைக் கரைத்து, துணியை நனைத்துத் தேய்த்தான். அந்த ஆசிட் பித்தளையின் கறுப்பைத் தின்றுவிடும். இரண்டு தேய்ப்பில் மஞ்சள் தெரியும்.

இன்று தெரியவில்லை.

பொட்டலத்திலிருந்து இன்னும் கொஞ்சம் போட்டான். தேய்த்தான். கறுப்பு அப்படியே இருந்தது.

காகிதத்தின் மடிப்பில் நாலைந்து பளிங்குத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஒன்றை விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைத்தான்.

ஆசிட் புளிக்கும். இது கசந்தது.

துணியைக் கீழே வைத்தான். எழுந்திருக்கவில்லை. கிண்ணத்தில் இருப்பது பேதி உப்பு. அப்படியென்றால் பஸ்ஸில் போனது எது என்பதை மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அவன் அதைக் கேட்காமல் இருந்தான்.

காலையில் கண்டக்டர் துரை செய்தி கொண்டுவந்திருந்தான். மகாபலிபுரத்தில், மாமனார் வீட்டில், காமுவுக்கு வயிறு கல்லாக இருக்கிறது. கார்த்திகைப் பொரி உருண்டையை அளவில்லாமல் தின்றிருக்கிறாள். இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை. மனைவி ரங்கநாயகி பேதி உப்பு கேட்டிருந்தாள். காமு தேசிகனின் ஒரே பெண். ஏழு வயது. பண்டிகைக்கு அம்மாவோடு தாத்தா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"உங்க பொண்ணு அத்த தின்னல சாமி, முழுங்கிக்கினு இருந்துச்சாம்," என்றான் துரை. "தாத்தாவுக்கு ஒண்ணுகூட வெக்கலயாம். பெருமாளுக்கு வெச்சதும் காணோமாம்."

தேசிகன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தராசில் ஒரு வேளைக்கு உப்பு நிறுத்தான். அதே தராசில், சற்று முன்னால், பித்தளைக்காக ஆசிட் நிறுத்து மடித்து வைத்திருந்தான். இரண்டும் வெள்ளை. இரண்டும் ஊசி ஊசியான பளிங்கு. ஒரே காகிதம், ஒரே மடிப்பு.

வெளியாருக்குக் கொடுக்கும் எதிலும் அவன் சீட்டு ஒட்டாமல் விட்டதில்லை. தலைவலித் தூளுக்கும் ஒட்டுவான். இந்த உப்பு சொந்த வீட்டுக்கு என்பதால் ஒட்டவில்லை. ஆசிட் சொந்த மேஜைக்கு என்பதால் அதிலும் ஒட்டவில்லை.

துரையிடம் சொல்லியும் அனுப்பினான். "போன உடனே வெந்நீர்ல கரைச்சுக் குடுக்கச் சொல்லு. துப்பப் பார்ப்பா. சர்க்கரை போட்டு, மூக்கைப் பிடிச்சு ஒரே மடக்கா ஊத்தச் சொல்லு."

"நானே நின்னு புடிக்கிறேன் சாமி. வண்டி அங்க திரும்பறதுக்கு நேரம் கீது. கையில குடுத்துட்டே வரேன்."

தேசிகன் எழுந்தான். முன்னறைக்குப் போனான். கடையின் போன் சுவரில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினான். கை வழுக்கியது. மறுபடி சுற்றினான்.

"நம்பர்?"

எக்ஸ்சேஞ்சில் ஜானகிராமன் இருந்தான். தினமும் கடைக்கு வருபவன்.

"ஜானகிராமா, மகாபலிபுரம் பஸ்ஸை வழியில நிறுத்தணும்."

"இன்னா சார், பஸ்ஸுல எதுனா ஓட்ட போனு வருதா? செத்துப்போன போனுக்கெல்லாம் நீங்கதான் வாரிசு."

"காமுவுக்கு மருந்துன்னு விஷத்தை அனுப்பிட்டேன்."

ஜானகிராமனின் குரல் மாறியிருந்தது.

"திருக்கழுக்குன்றத்துல அரிசி மில்லுல போன் கீது. இருங்க."

தேசிகன் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றான். கடைக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மாட்டுவண்டி ஒன்று போயிற்று. வண்டிக்காரன் கோணியைத் தலையில் போட்டிருந்தான். அவன் அவசரப்படவில்லை.

"சார், பஸ் தாண்டிப் போயிடுச்சாம். ரொம்ப நேரம் ஆச்சுன்றான்."

"மகாபலிபுரம் குடு. உப்பு கிடங்கு."

"சார், அந்த போனு ஊமை. போன வாரமே சொன்னேனே. நாம பேசறது அங்க கேக்கும். அவங்க பேசறது இங்க வராது."

"தெரியும்."

"லைன்மேன் போயிப் பாத்துட்டு வந்தான். உள்ள இருந்தத எவனோ கழட்டிக்கினு வேற எதையோ மாட்டி வெச்சிகீறான். சர்க்கார் சாமான். கேசு எழுதப் போறேன்னு சொல்லிக்கினு கீறான்."

"தெரியும். நான்தான் எடுத்தேன்."

தூறல் சத்தம் கேட்டது. அது போனுக்குள்ளிருந்து வருகிறதா, தெருவிலிருந்தா என்று தெரியவில்லை.

"அத்த அப்பறம் பேசிக்கலாம் சார்," என்றான் ஜானகிராமன். "அடிக்கிறேன். எடுக்கறாங்களா பாருங்க. டாக்டருக்கும் சொல்லிடறேன்."

கால்வாய்க் கரையில் இருந்த அந்தக் கிடங்கில்தான் அந்தப் பக்கத்துக்கான ஒரே போன். ஓர் உப்பள முதலாளியுடையது. காவலுக்கு இருக்கும் சடையப்பன்தான் எடுப்பான். ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் அங்கேதான் ஓடிவருவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன், நவராத்திரிக்கு மனைவியையும் குழந்தையையும் கொண்டுவிடப் போனபோது தேசிகன் மழைக்கு அந்தக் கிடங்கில் ஒதுங்கினான். சுவரில் இருந்த போனைப் பார்த்தான். முதல் யுத்தத்துக்கு முந்தியது. இங்கிலீஷ் கம்பெனியின் முத்திரை தேயாமல் இருந்தது.

அவனிடம் அதே ஜாதிப் போன் ஒன்று இருந்தது. தேக்குப் பெட்டி, இரட்டை மணி. ஊரைக் காலிசெய்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனின் பங்களா ஏலத்தில் வாங்கியது. எல்லாம் இருந்தது, டிரான்ஸ்மிட்டர் மட்டும் இல்லை. அதற்காக மூர் மார்க்கெட்டில் பழைய இரும்புக் குவியல்களைக் கிளறியிருக்கிறான். மிலிட்டரி சாமான் ஏலங்களுக்குப் போயிருக்கிறான். ஒரு போனின் மணிக்கிண்ணத்துக்காகக் காஞ்சிபுரம் வரை சென்று, சைக்கிள் கடைக்காரன் அதில் கிரீஸ் வைத்திருப்பதைக் கண்டு, கழுவிக் கொண்டுவந்திருக்கிறான். ரிசீவரின் தகட்டைப் பவுடர் டப்பாவிலிருந்து வெட்டியிருக்கிறான். டிரான்ஸ்மிட்டரை அப்படிச் செய்ய முடியாது. கம்பெனி செய்தது வேண்டும். அது கிடங்குச் சுவரில் இருந்தது.

மறு தடவை போகும்போது வேறொன்றைக் கொண்டுபோனான். அவனிடம் உபரியாக இருந்தது. நல்லதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். பின்னறையில் அதன்முன் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்திருந்தான். டிக் டிக் என்பது மறுமுனையில் தெளிவாகக் கேட்டது.

பின்னறை உலர்ந்த இடம். மருந்துகளுக்காக அப்படி வைத்திருந்தான். டிரான்ஸ்மிட்டருக்குள் கரித்தூள் இருக்கும். குரலுக்கு அது குலுங்க வேண்டும். ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். கட்டியானால் குரல் நின்றுவிடும். மணி அடிக்கும், அந்தப் பக்கம் பேசுவது கேட்கும், இந்தப் பக்கம் பேசுவது மட்டும் போகாது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடத்தில் அதை மாட்டும்போது இது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"புதுசு போடறேன்," என்று சடையப்பனிடம் சொன்னான். சடையப்பன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு டானிக் பாட்டில் வாங்கிக்கொண்டு கும்பிட்டான்.

போன வாரம் ஜானகிராமன் கிடங்கு போனைப் பற்றிச் சொன்னபோது தேசிகன் தலைவலித் தூளை மடித்துக்கொண்டிருந்தான். "அப்படியா?" என்றான். சீட்டு ஒட்டிக் கொடுத்தான். அன்று அவன் பயந்தது லைன்மேனுக்கு.

கிடங்குக்கு மணி போய்க்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஜானகிராமன் நிறுத்தி நிறுத்தி அடித்தான்.

கடைப்படியில் ஒரு பெண் ஏறிவந்தாள். தலையில் முக்காடு, கையில் காலி பாட்டில். செங்கம்மாள். வாரம் ஒருமுறை இருமல் மருந்துக்கு வருபவள்.

"போன வாட்டி குடுத்தியே, அதே மருந்து குடு."

தேசிகன் அலமாரியைப் பார்த்தான். கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் சீட்டு. எதையும் நம்ப முடியவில்லை.

"இப்போ இல்லை."

"கண்ணு முன்னால கீது, இல்லன்றியே. தோ, அந்தச் செவப்பு."

"குடுக்க மாட்டேன். போ."

"கடய தொறந்து வெச்சிக்கினு குடுக்க மாட்டேன்னா? நல்லா கீதே நாயம்." அவள் போகவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ரிசீவரில் சொடுக்கென்று ஒரு சத்தம்.

"எடுத்துட்டாங்க," என்றான் ஜானகிராமன்.

"சடையப்பா," என்றான் தேசிகன். "நான் தேசிகன். மருந்துக்கடை. நீ பேசறது எனக்குக் கேக்காது. நான் பேசறது கேக்கறதா? கேட்டா கைப்பிடியை ஒரு தடவை சுத்து."

ஒன்றும் வரவில்லை. பிறகு காதுக்குள் கர்ரென்று ஓர் உறுமல் எழுந்தது. மிருகம் ஒன்று காதுக்குள் வாயைத் திறந்ததுபோல் இருந்தது. அவன் ரிசீவரை விலக்கிவிட்டு மறுபடி வைத்தான்.

"சரி. ஒரு சுத்துன்னா ஆமாம். ரெண்டுன்னா இல்லை. தெரியாதுன்னா மூணு. புரியறதா?"

உறுமல். ஒன்று.

"நீ சடையப்பன்தானே?"

ஒன்று. தேசிகன் இரண்டாவதுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படிக் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பஸ் வந்துடுத்தா?"

ஒன்று.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். வந்திருக்கக் கூடாது. மழை நாளில் வழியில் ஏற ஆளில்லாவிட்டால் டிரைவர் விரட்டிவிடுவான்.

"துரை இறங்கினானா? கையில பொட்டலம் எடுத்துண்டு போனானா?"

ஒன்று.

"எப்போ?" என்று கேட்டுவிட்டான். அதற்குப் பதில் சொல்ல வழி இல்லை. "சடையப்பா, போனோட வாயை விரலால தட்டு. ஓங்கித் தட்டு. தட்டிண்டே பேசு."

டொக் டொக் என்று எதுவும் கேட்கவில்லை. கரித்தூள் கட்டி உடையும்வரை கேட்காதுதான். பிறகு எங்கோ மணல் சரிவதுபோல ஓர் ஓசை. அதற்குள்ளிருந்து ஒரு குரல் மேலே வந்தது.

"...மி, இப்பதான் சாமி, அந்தப் புள்ள கத்த..."

குரல் போய்விட்டது.

"என்ன? யாரு கத்தினா? சடையப்பா, தட்டு. இன்னும் தட்டு."

ஒன்றுமில்லை. மணல் ஓசையும் இல்லை.

"எனக்கும் அவ்ளோதான் கேட்டுச்சு சார்," என்றான் ஜானகிராமன்.

படியில் உட்கார்ந்திருந்த செங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். "அந்தாண்ட யாருமே பேசல. நீயே பேசிக்கினு கீற. இன்னா ஆச்சு உனக்கு?"

கிடங்குக்கும் மாமனார் வீட்டுக்கும் நடுவே ஒரு தோப்பும் கோயில் தெருவும் இருந்தன. வீட்டில் கத்தினால் கிடங்குக்குக் கேட்காது. கத்தியது வேறு யாரோ. எந்தப் பிள்ளை என்று சடையப்பன் சொல்லவில்லை. தேசிகன் இதைத் தனக்கு இரண்டு முறை சொல்லிக்கொண்டான்.

"கேளு. நான் சொல்றதை அப்படியே கேளு. அந்தப் பொட்டலம் மருந்து இல்லை, விஷம். மாமா ஆத்துக்கு ஓடு. உப்பிலி ஐயங்கார் வீடு. குடுக்காதேள்னு சொல்லு. குடுத்துட்டான்னா சுவரைச் சுரண்டச் சொல்லு. வெள்ளையடிச்ச சுண்ணாம்பு. சுரண்டிப் பால்ல கலக்கி, எவ்வளவு குடிக்கிறாளோ அவ்வளவும் குடுக்கச் சொல்லு. வெறும் தண்ணி வேண்டாம். சுண்ணாம்பு. தெரிஞ்சுதா?"

ஒன்று.

"வாசல்ல நின்னு கூப்பிடாதே. யாருக்கும் கேக்காது. உள்ள போ. அடுக்களை வரைக்கும் போ."

உறுமல். அவன் காத்திருந்தான். இரண்டாவது வந்தது.

இல்லை.

தேசிகனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ரங்கநாயகியின் டிரங்குப் பெட்டியை நவராத்திரியின்போது சடையப்பன்தான் தூக்கிவந்தான். தெருவுக்குள் வரும்போதே தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கினான். வாசற்படிக்கு வெகு முன்னாலேயே பெட்டியை வைத்துவிட்டு நின்றான். அவனை நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. மாமனார் உள்ளிருந்து வந்து பெட்டியின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்தார். தேசிகன் பக்கத்தில் நின்று மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சடையப்பா, போ. நான் சொல்றேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

இரண்டு.

"அடிச்சாலும் வாங்கிக்கோ. நான் உனக்குப் பதில் சொல்றேன். மருமகன் உள்ள வரச் சொன்னார்னு சொல்லு."

கம்பியில் காற்று ஊதும் மெல்லிய ஓசை மட்டும் இருந்தது. மகாபலிபுரம் வரை அத்தனை கம்பங்களிலும் ஒரே காற்று.

"என் குழந்தை," என்றான் தேசிகன்.

நீண்ட நேரம் கழித்து ஓர் உறுமல். இரண்டாவது வரவில்லை. அதன்பின் மரத்தில் ஏதோ மோதும் சத்தம் ஒரு தரம் கேட்டது. ரிசீவர் தொங்கிப் பெட்டியில் இடித்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். அல்லது மாட்டிவிட்டான்.

"லைன் இருக்கா, ஜானகிராமா?"

"கீது சார். நான் தொடல. யாரையும் தொடவும் விடல."

வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர் தாவீது இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூப்பிட்டார். ரிசீவரின் கயிறு எட்டும் வரை தேசிகன் கதவருகே வந்தான்.

"என்னய்யா போச்சு?"

"ஆக்ஸாலிக்."

"எவ்வளவு?"

"பெரியவாளுக்குப் பேதி உப்பு ஒரு வேளைக்கு எவ்வளவோ, அதுல பாதி."

டாக்டர் கியர் தடியைப் பார்த்தார். அந்தப் பார்வையை தேசிகன் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"சுண்ணாம்பு சொன்னீரா?"

"சொன்னேன்."

"அவங்களுக்கு அது கேட்டுதா?"

"காவலாளுக்குக் கேட்டது. ஓடியிருக்கான்." பிறகு, "ஓடியிருப்பான்," என்றான்.

"ஏறும்."

தேசிகன் ரிசீவரைப் பார்த்தான். ஏறினால் வழி முழுக்க ஒன்றும் தெரியாது. ஏறாவிட்டால் இங்கே நின்று தெரிந்துகொள்ள வேண்டும். எது அதிகப் பயம் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"யாராவது எடுத்தா சொல்றதுக்கு ஆள் வேணும்," என்றான். "பாலை நிறுத்தாம குடுக்கச் சொல்லணும்."

"சரி, நில்லும். கையை முதல்ல கழுவும்." டாக்டர் போய்விட்டார். சேறு தெறித்தது. செங்கம்மாள் காலை மடக்கிக்கொண்டாள்.

"உம் பொண்ணா?" என்றாள். இப்போது குரலில் சண்டை இல்லை.

அவன் தலையசைத்தான்.

"என்னாண்ட குடுக்காததுகூட நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு அவள் பாட்டிலைப் புடவைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவன் மறுபடி சுவரருகே போனான். பின்னறைக் கதவு திறந்திருந்தது. மேஜையில் பித்தளை டிரான்ஸ்மிட்டர் கறுப்பாகக் கிடந்தது. அதற்குப் பின்னால் அலமாரியில் போன்கள். இத்தனை வருஷம் தேடித் தேடி ஒவ்வொன்றையும் பேச வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. எதுவும் கம்பியோடு சேர்ந்திருக்கவில்லை.

அந்தப் பித்தளை இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் இப்போது சடையப்பனின் குரல் கேட்கும். யார் கத்தியது என்று தெரியும். பஸ் எப்போது வந்தது என்று தெரியும். அதைத் தேய்க்க நினைக்காமல் இருந்திருந்தால் ஆசிட்டை நிறுத்திருக்கவே மாட்டான். இரண்டும் ஒரே பித்தளை. அவன் கதவைச் சாத்தினான்.

"சார்," என்றான் ஜானகிராமன், தாழ்ந்த குரலில். "எதுனா பேசுங்க. சும்மா இருந்தா எனக்கே ஒரு மாதிரியா கீது."

"என்ன பேசறது?"

"தெரியல சார்."

மழை வலுத்தது. கம்பியில் காற்றின் ஓசை மாறியது. அவன் மனத்தில் வெந்நீர் கொதித்தது. ரங்கநாயகி டம்ளரில் ஆற்றினாள். சர்க்கரை போட்டாள். ஆசிட் எளிதில் கரையும். காமு வாயை மூடிக்கொள்வாள். புளிக்கிறது அம்மா என்பாள். உப்பு புளிக்காது என்று ரங்கநாயகிக்குத் தெரியுமா? அப்பா அனுப்பினது, குடி என்பாள். துரை சிரித்துக்கொண்டே வாசலில் நின்று அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்வான். நல்ல மனிதன். மறக்க மாட்டான்.

உறுமல்.

அவன் கேட்காமலே வந்தது. ஒன்று. பிறகு நின்றுவிட்டது.

"சடையப்பா? வந்துட்டியா?"

ஒன்று. இரண்டு.

"நீ சடையப்பன் இல்லையா?"

ஒன்று. அவன் காத்திருந்தான். அவ்வளவுதான்.

"மாமாவா?"

இரண்டு.

"துரையா?"

இரண்டு. சுற்றுகள் சரியாக விழவில்லை. கைப்பிடிக்குப் பழகாத கை. பாதியில் நின்று மறுபடி சுற்றியது.

தேசிகன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"ரங்கநாயகி?"

ஒன்று.

தோப்பைக் கடந்து மழையில் வந்திருக்கிறாள். தெருக்கோடியைத் தாண்டித் தனியாகப் போகாதவள். குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள். குழந்தை நன்றாக இருந்தால் இப்படி ஓடி வருவாளா? நன்றாக இல்லாவிட்டால் விட்டுவிட்டு வருவாளா? இரண்டுக்கும் அவனால் ஆமாம் என்று சொல்ல முடிந்தது. இரண்டுக்கும் இல்லை என்றும் சொல்ல முடிந்தது.

"சடையப்பன் எப்படிச் சுத்தணும்னு சொன்னானா?"

ஒன்று.

"உள்ள வந்தானா?"

ஒன்று.

"டாக்டர் வந்துண்டிருக்கார். கார்ல."

அது கேள்வி இல்லை. அவள் சுற்றவில்லை. அவள் அழுகிறாளா, பேசிப் பார்க்கிறாளா, சும்மா நிற்கிறாளா என்று தெரியவில்லை. அவள் வாய்க்கு முன்னால் அவன் மாட்டிய டிரான்ஸ்மிட்டர் இருந்தது.

"துரை பொட்டலத்தை உன் கையில குடுத்தானா?"

ஒன்று.

"கரைச்சியா?"

ஒன்று.

இரண்டாவது சுற்று வரும் என்று அவன் நின்றான். செங்கம்மாள் படியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். ஜானகிராமன் மூச்சை அடக்குவது கேட்டது. இரண்டாவது வரவில்லை.

"ரங்கா," என்றான் தேசிகன். "குழந்தை மூக்கைப் பிடிச்சு ஊத்தினியா?"